ஆயிலில் கிடந்த ரப்பர்த் துகள்: சிபி750 எஞ்சினைப் பிரித்து மூட்டிய கதை

கேம் செயின் (வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் சங்கிலி) போட்ட சத்தம் ஒருவழியாக அடங்கிவிட்டது. 1972-ஆம் ஆண்டு ஹோண்டா சிபி750 கே2 மோட்டார் சைக்கிள், காலையில் குளிர்ந்து கிடக்கும்போதும் சரி, ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகும் சரி, 1,000 ஆர்.பி.எம்மில் அதிராமல் நிற்கிறது. டொரொன்டோவின் குளிர்காலம் முழுவதையும் கராஜில் விழுங்கிய வேலை இது. அளவுகளும் செலவும் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். இந்த எஞ்சினைத் திறக்கப்போகிற யாருக்காவது உதவும்.

வண்டியை வாங்கியபோது என் எண்ணம் எஞ்சினைப் பற்றியதே அல்ல. 1970-இல் அமெரிக்காவின் டேடோனா 200 மைல் பந்தயத்தை வென்ற ஹோண்டா தொழிற்சாலை வண்டியைப் போல ஒன்றைக் கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. நீளமான பெட்ரோல் டேங்க், ஒற்றை இருக்கை, நான்கு தனித்தனி மெகாஃபோன் சைலன்சர்கள், முன்னால் இரண்டாம் எண். அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். ஆனால் அந்தக் கதையில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட வரி எது என்பது, என் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் ஹோண்டா உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் சிபி750-ஐக் காட்டியது. நான்கு சிலிண்டர், 736 சிசி, 61 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 63 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 8,000 ஆர்.பி.எம்மில் 67 குதிரைசக்தி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். கடையில் போய் யாரும் வாங்கக்கூடிய வண்டியில் இதெல்லாம் ஒன்றாக இருந்தது அன்றைக்குப் பெரிய சேதி. அமெரிக்காவில் பெருமளவில் விற்க வேண்டுமானால் அமெரிக்காவின் முக்கியமான பந்தயத்தில் ஜெயித்துக் காட்ட வேண்டும். அதே சமயத்தில் அமெரிக்கப் பந்தய விதியும் மாறியிருந்தது. அதுவரை சைடு வால்வு எஞ்சின்களுக்கு மட்டும் 750 சிசி. மேல்வால்வு எஞ்சின்களுக்கு 500 சிசிதான் வரம்பு. 1970 முதல் எல்லோருக்கும் 750 என்றானது. ஹோண்டா நான்கு வண்டிகளை அனுப்பியது. மூன்றை ரால்ஃப் பிரையன்ஸ், டாமி ராப், பில் ஸ்மித் ஆகியோர் ஓட்டினார்கள். நான்காவது வண்டி டிக் மான் என்ற முப்பத்தைந்து வயது அமெரிக்கரிடம் போனது. அவருடைய வண்டியைப் பார்த்துக்கொண்டது அமெரிக்கன் ஹோண்டாவைச் சேர்ந்த பாப் ஹேன்சனின் குழு.

மீதியைப் பிறகு சொல்கிறேன். முதலில் சத்தம்.

ஐடிலில் எஞ்சினின் நடுவிலிருந்து ஒரு கடகடப்பு. ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகினால் குறையும், விட்டால் திரும்பும். இந்த மாடலில் அப்படி ஒரு சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்புரேட்டர்களைத்தான். நான்கு 28 மி.மீ. கெய்ஹின்களும் சமமாக இழுக்காதபோது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரே சீராகச் சுழலாது; கிளட்சுக்குப் போகும் இரட்டை பிரைமரி செயின் ஆடி, பெட்டிக்குள் அடித்துக்கொள்ளும். கேட்பதற்கு அது கேம் செயின் சத்தம் போலவே இருக்கும். ஆகவே நான்கு கேஜ் கொண்ட வேக்யூம் செட் ஒன்று வாங்கினேன். விலை 95 கனேடிய டாலர். இரண்டாவது, மூன்றாவது கார்புரேட்டர்கள் மிகவும் வித்தியாசமாக இருந்தன. நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்ததும் எஞ்சின் நன்றாகவே ஓடத் தொடங்கியது. கடகடப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

அடுத்து, கேம் செயினைத் தொய்வில்லாமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர். இதைச் சரிசெய்ய எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. வலப்பக்கத்தில் ஸ்பார்க்கை நேரத்துக்கு விடும் பாயின்ட்டுகளின் மூடியைக் கழற்றி, பெரிய நட்டில் ஸ்பேனர் போட்டு கிராங்கை முன்னோக்கித் திருப்ப வேண்டும். ஒன்றாம், நான்காம் பிஸ்டன்கள் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறி வந்ததும் அதைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி போய் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே டென்ஷனரைத் தள்ளிச் செயினின் தொய்வை எடுத்துக்கொள்ளும். பிறகு இறுக்கிவிடலாம். போல்ட்டைக் கையால் அழுத்தவோ முறுக்கவோ கூடாது. முறைப்படி செய்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. தள்ளுவதற்கு ஸ்பிரிங்கிடம் இனி இடமில்லை என்பதுதான் அதன் பொருள். நான் அப்படி எடுத்துக்கொள்ளாமல் மறுபடியும் கார்புரேட்டர் பக்கமே போனேன், ஜெட்டுகளைக் கழற்றிக் கழுவினேன், பாயின்ட்டுகளை 0.35 மி.மீட்டருக்கு வைத்தேன். வண்டி இன்னும் இனிமையாக ஓடியது. சத்தம் போகவில்லை.

பிராம்ப்டன் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்து கேட்டார். எஞ்சினில் காதை வைத்தெல்லாம் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, ஆயில் எப்போது மாற்றினீர்கள்?”

“வாங்கியதும் மாற்றிவிட்டேன் அண்ணே.”

“இறக்கிய ஆயிலைப் பார்த்தீர்களா?”

பார்க்கவில்லை. கறுப்பாக இருந்தது, டப்பாவில் ஊற்றி மூடிவிட்டேன்.

“அடித்தட்டைக் கழற்றுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தட்டு சொல்லும்.”

சிபி750-இல் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. எஞ்சினுக்குள் போய்த் திரும்பும் ஆயில் அடித்தட்டில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் அதைத் தொட்டிக்கு ஏற்றும். அதனால் இரண்டு இடத்தில் இறக்க வேண்டும். மொத்தம் மூன்றரை லிட்டர் வரும். தட்டைக் கழற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. சைலன்சர்களை எடுத்தால் போதும். தட்டின் ஓரத்தை விரலால் துடைத்தேன். விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. நசுக்கினால் நசுங்கியது, விட்டால் பழைய உருவத்துக்கு வந்தது. கார்பன் என்றால் பொடியாகியிருக்கும். இது ரப்பர். அரிசி நொய் அளவில் சில, நகத்தின் பாதி அளவில் இரண்டு. பம்ப் உறிஞ்சும் இடத்தில் இருக்கும் கம்பி வலையில் இன்னும் கொஞ்சம். வலை முழுக்க அடைத்திருந்தால் தொட்டிக்கு ஏற வேண்டிய ஆயில் கீழேயே தேங்கியிருக்கும், தொட்டி வற்றியிருக்கும்.

கேம் செயினை அழுத்திப் பிடிக்கும் பாகங்களின் மேல் ரப்பர் போர்த்தியிருப்பார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் கெட்டியாகி, வெடித்து, செயின் உரசும் இடத்திலிருந்து பெயர்ந்து விழுகிறது. என் தட்டில் கிடந்தது அதுதான்.

டேடோனாவின் நினைவு எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது. பயிற்சி ஓட்டங்களிலேயே ஹோண்டா அணிக்கு அடி விழுந்திருந்தது. பிரையன்ஸ் விழுந்தார், மெக்னீசியம் பாகங்கள் கொண்ட அந்த வண்டி தீப்பிடித்து எரிந்துபோயிற்று. மீதி மூன்று வண்டிகள். பயிற்சிக்குப் பிறகு மானின் எஞ்சினைப் பார்த்த ஹேன்சனின் குழுவினர் ஆயிலில் கேம் செயின் டென்ஷனரின் ரப்பர்த் துணுக்குகளைக் கண்டார்கள். எஞ்சினைத் திறந்து புதுப் பாகங்களைப் போட்டார்கள். மற்ற இரண்டு வண்டிகளுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. மார்ச் 15 அன்று பந்தயம் தொடங்கியதும் ராப்பும் ஸ்மித்தும் முடிவுக்கோட்டைப் பார்க்காமலே நின்றுபோனார்கள்.

இதை முன்பு படித்தபோது சுவையான செய்தியாகத்தான் கடந்து போனேன். அது ஒரு வேலைக் குறிப்பு. ஆயிலை இறக்கு, தட்டைப் பார், பிறகு மற்றதைத் தொடு. அந்த வரிசையில் போயிருந்தால் ஜெட் கழுவிய நேரமெல்லாம் மிச்சமாகியிருக்கும். கார்புரேட்டர் சமன்படுத்தியது மட்டும் வீண் அல்ல. அது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

அடுத்தது எஞ்சினை இறக்குவது. சிபி750-இல் ஃபிரேமுக்குள் வைத்தே சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற முடியாது. மேல் மூடிக்கும் ஃபிரேம் குழாய்க்கும் இடையே இடமில்லை. எஞ்சின் வலப்பக்கமாக வெளியே வரும். 80 கிலோவை ஒட்டிய எடை. வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, எஞ்சினைத் தரையில் விட்டு, ஃபிரேமை மட்டும் தூக்கியெடுப்பவர்கள் உண்டு. தனியாக வேலை செய்பவருக்கு அது நல்ல வழி. நான் நண்பரிடம் இரவல் வாங்கிய ஹாய்ஸ்ட்டில் நைலான் பட்டை கட்டி இறக்கினேன். பட்டையை எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு சுற்றும் பின்பக்கம் ஒரு சுற்றும் போட்டால் எஞ்சின் சாயாமல் வரும். ஃபிரேமின் கீழ்க்குழாய்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவைத்தேன். பெயின்ட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கருவிகளில் ஒன்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் வகை அல்ல. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பள்ளத்தின் வடிவம் வேறு. பிலிப்ஸ் திருப்புளியை வைத்து அழுத்தித் திருகினால் முனை மேலேறி வந்து, தலையின் பள்ளத்தை வழித்துவிடும். அதற்கப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். எனக்கு முன்பு இந்த எஞ்சினைத் தொட்டவர் பாயின்ட் மூடியிலும் கிளட்ச் மூடியிலும் அப்படித்தான் வழித்து வைத்திருந்தார். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) வகைத் திருப்புளி செட் 55 டாலர். அதோடு ஒரு இம்பாக்ட் டிரைவர். ஸ்க்ரூ தலையில் டிரைவரை நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. கொஞ்சம் நகர்ந்துவிடும். இதில் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள்.

ஹெட்டைக் கழற்றும்போது கண்ணுக்குத் தெரியும் நட்டுகளை எடுத்ததும் அது தூக்கினால் வந்துவிடும் என்று தோன்றும். வராது. ஸ்பார்க் பிளக் பக்கம் உள்ளே ஒளிந்திருக்கும் 6 மி.மீ. போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றை மறந்து நெம்பி, சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளை உடைத்தவர்கள் பலர். பாகப் படத்தை வைத்துக்கொண்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் துளையிட்டு அதே இடத்தில் குத்தி வைத்தேன். திரும்பப் பூட்டும்போது நீளம் மாறாமல் இருக்க இதைவிட எளிய வழி தெரியவில்லை.

கேமைத் தாங்கும் பாகத்துக்கு அடியில் சின்னச் சின்ன ரப்பர் வில்லைகள் இருக்கும். சிபி750-இல் ஹெட்டிலிருந்து ஆயில் கசிகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த வில்லைகளால்தான். என்னுடையவை கல்லாகியிருந்தன. முழு கேஸ்கெட் செட்டில் புதியவை வந்துவிடும். செட் 165 டாலர்.

இனி அளவுகள். போர் 61.00 மி.மீ. என்று தொடங்கியது; 61.10 வரை தாங்கும் என்கிறது கையேடு. அண்ணனின் பட்டறையில் டயல் போர் கேஜ் வைத்து, மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். நான்கிலும் 61.03-க்கும் 61.04-க்கும் இடையில் இருந்தது. போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடத் தேவையில்லை. பழைய பிஸ்டன், புது ரிங், சிலிண்டரின் உட்சுவரை லேசாகத் தேய்க்கும் ஹோனிங் மட்டும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி இடைவெளி பார்த்தேன்: மேல் ரிங்குகள் 0.25 முதல் 0.30 மி.மீ. வரை. கையேடு கேட்பது 0.2 முதல் 0.4 வரை. ரிங் நான்கு செட் 150 டாலர், ஹோனிங் 120. கேமின் முகடுகளில் குழி ஏதும் இல்லை. வால்வுகளைக் கையால் தேய்த்து உட்காரவைத்து, சீல் மாற்றியதற்கு 60 டாலர்.

டென்ஷனரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, பின்பக்கத்தில் செயின் உரசும் இடத்தில் ரப்பர் விரல் நீளத்துக்குக் காணாமல் போயிருந்தது. அடியில் உலோகம் பளபளத்தது. அதில் செயின் இரண்டு வரிகளாகக் கோடு கிழித்திருந்தது. ரப்பர் மிஞ்சியிருந்த விளிம்பைக் கட்டை விரலால் நெருடினேன். கேக்கின் ஓரம் உதிர்வதுபோல் உதிர்ந்தது. டேடோனாவில் தேய்ந்தவை பழமையால் தேய்ந்தவை அல்ல, புத்தம்புதியவை. பந்தய வேகத்தில், கேம் செயின் அடிக்கும் அடியில், சூடான ஆயிலில் அவை சில மணி நேரத்திலேயே கரைந்தன. என்னுடையது அதே முடிவுக்கு வர ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டது.

கேம் செயினை மாற்ற இரண்டு வழி. பழைய செயினை மேலேயே வெட்டி, புதியதை அதன் நுனியில் கட்டி இழுத்து, கடைசிக் கண்ணியை ரிவெட் அடிப்பது முதல் வழி. எஞ்சினை முழுவதும் பிரித்து, கண்ணி அறாத முழுச் செயினை கிராங்கில் மாட்டுவது இரண்டாம் வழி. முதல் வழியில் ஒரு வார இறுதியில் வேலை முடிந்துவிடும். ரிவெட் சரியாக அடித்தால் செயின் நிற்கும், பலருக்கு நின்றிருக்கிறது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அடித்தட்டில் ரப்பர் கிடந்த எஞ்சினில் ஆயில் வழிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் மூட மனம் வரவில்லை.

எஞ்சினைத் தலைகீழாகக் கட்டைகளின் மேல் உட்காரவைத்து, கீழ்ப்பாதிப் பெட்டியைக் கழற்ற வேண்டும். கட்டைகளுக்கும் ஆணிக்கும் 30 டாலர். கிராங்க் ஐந்து பேரிங்குகளில் படுத்திருக்கிறது, உருளை ஏதும் இல்லாத வழவழப்பான பேரிங்குகள். மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து மூடி இறுக்கி, திறந்து, நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளியை அளப்பார்கள். ஐந்திலும் 0.04 மி.மீ. அருகே வந்தது. அப்படியே விட்டுவிட்டேன். ஆயில் துளைகளில் காற்றடித்தபோது இரண்டு துளைகளிலிருந்து கறுப்புச் சேறு வந்தது. அது ஒன்றுக்காகவே பிரித்தது தகும்.

புதுச் செயின் 80 டாலர். டென்ஷனரும் வழிகாட்டிப் பட்டையும் சேர்த்து 140. பிரைமரி செயின்களை அளந்தேன். தேய்மானம் வரம்புக்குள் இருந்ததால் பழையதையே போட்டேன். பெட்டி திறந்திருக்கும்போதே அவற்றையும் மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவற்றுக்காக மறுபடி இவ்வளவும் கழற்ற வேண்டும்.

மூட்டும்போது நேரம் எடுத்துக்கொண்டது சிலிண்டரை பிஸ்டன்களின் மேல் இறக்கும் கட்டம். நான்கு பிஸ்டன், பன்னிரண்டு ரிங், ஒரே சிலிண்டர் பாளம். ஒன்றும் நான்கும் ஒன்றாக ஏறும். இரண்டும் மூன்றும் ஒன்றாக இறங்கும். கிராங்கைத் திருப்பி நடு இரண்டையும் மேலே கொண்டுவந்து, அவற்றின் அடியில் மரப்பட்டைகளைச் செருகி ஆடாமல் நிறுத்தினேன். ரிங்குகளைச் சுற்றி ஹோஸ் கிளிப் போட்டு, விரல் வைத்தால் நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். சிலிண்டருக்குள் ஆயில் தடவி, பாளத்தை நேராக இறக்கினால் கிளிப் கீழே வழுக்கிவரும், ரிங் உள்ளே போகும். நடு இரண்டும் போனபின் கிளிப்பை எடுத்துவிட்டு, மெல்லத் திருப்பி ஓர இரண்டு. ஒருவர் பாளத்தைப் பிடிக்க வேண்டும், ஒருவர் ரிங்கைப் பார்க்க வேண்டும். சிக்கினால் அழுத்தக் கூடாது. ரிங் உடையும் சத்தம் கேட்காமலே உடையும்.

கேம் டைமிங் எளிதுதான். ‘டி’ குறி ஒன்று, நான்குக்கு நேராக நிற்கும்போது, கேம் ஷாஃப்டின் வலது முனையில் இருக்கும் வெட்டு ஹெட்டின் மேல்தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். டென்ஷனர் விட்டபிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி மறுபடி பார்த்தேன். முதலில் ஒரு பல் தள்ளி நின்றது போலத் தெரிந்தது. கண்ணை வெட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்ததும் சரியாகவே இருந்தது. மேலிருந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று கட்டமாக, கடைசியில் 2 கிலோகிராம்-மீட்டர் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்கினேன். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே): உள்வால்வு 0.05, வெளிவால்வு 0.08 மி.மீ., எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது.

முதல் உதையில் ஓடவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டேன். ஆயில் விளக்கு அணையும் வரை. பிளக்கைப் போட்டபின் இரண்டாம் முயற்சியில் பிடித்துக்கொண்டது. கடகடப்பு இல்லை. பிரைமரி செயினின் மெல்லிய முனகல் மட்டும். அது இந்த எஞ்சினின் குரல். வேக்யூம் கேஜ்களை மாட்டி இன்னொரு முறை சமன்படுத்தினேன். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஆயிலை இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். புது ரிங்கும் ஹோனிங்கும் விடும் வெள்ளிப்பொடி கொஞ்சம் இருந்தது. ரப்பர் இல்லை. டென்ஷனரை அதே முறையில் மறுபடி விட்டு இறுக்கினேன். புதுச் செயின் கொஞ்சம் இழுத்திருந்தது.

மொத்தச் செலவு, ஆயிலும் ஃபில்டரும் 70 டாலர் சேர்த்து, 965 டாலர். அண்ணன் தன் நேரத்துக்கு எதுவும் வாங்கவில்லை.

மறுபடி செய்தால் வரிசையை மாற்றுவேன். பழைய நான்கு சிலிண்டர் வண்டி எதுவாக இருந்தாலும் வாங்கிய அன்றே அடித்தட்டைக் கழற்றுவேன். ஆயிலைத் துணியில் வடிப்பேன். எஞ்சின் ஃபிரேமில் இருக்கும்போதே பெரிய நட்டுகளையும் முன் ஸ்ப்ராக்கெட்டையும் தளர்த்திக்கொள்வேன். மேசைமேல் வந்தபின் அவற்றுக்கு எஞ்சினைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் தவித்தேன். கேஸ்கெட் செட்டில் வரும் மலிவான ஓ-ரிங்குகளுக்குப் பதில் ஹெட்டுக்கு மட்டுமாவது நல்லவற்றைத் தனியாக வாங்குவேன்.

பந்தயத்தை முடித்துவிடுகிறேன். மான் தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்தார். பிறகு அடங்கி ஓட்டினார். எஞ்சினை வரம்புக்குமேல் சுற்றவிடக் கூடாது என்பது அவருக்கும் ஹேன்சனுக்கும் இருந்த ஒப்பந்தம். 200 மைல், டேடோனாவின் சாய்தளங்களில் ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்தே இருக்கும் சுற்றுகள். மைக் ஹெயில்வுட்டின் பிஎஸ்ஏ நின்றது. கேரி நிக்ஸனின் ட்ரையம்ப் நின்றது. ஹார்லியின் புது எஞ்சின்கள் சூட்டில் விழுந்தன. கடைசிக் கட்டத்தில் மானின் எஞ்சினும் தளர்ந்துகொண்டிருந்தது. ட்ரையம்ப்பில் ஜீன் ரொமேரோ நெருங்கிக்கொண்டிருந்தார். வேகமாகப் போகச் சொல்லி மானுக்குப் பலகை காட்டும்படி ஹோண்டாவின் மேலதிகாரி கேட்டதாகவும் ஹேன்சன் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். எஞ்சினுக்குள் என்ன கிடக்கிறது என்று அங்கே அறிந்திருந்தவர் அவர்தான். மான் தன் வேகத்தைக் கூட்டாமலே கோட்டைக் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 102 மைலுக்கு மேல். ஹேன்சன் சிறிது காலத்தில் ஹோண்டாவை விட்டு, கவாசாகியின் அணியை நடத்தப் போனார். மான் அடுத்த ஆண்டும் டேடோனாவை வென்றார், பிஎஸ்ஏ-வில்.

இந்த வெற்றியை ஹோண்டா எஞ்சினின் வலிமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எஞ்சின் வலியதுதான். 1969-இல் பிரான்ஸின் போல் டோர் 24 மணி நேரப் பந்தயத்தை மிஷெல் ரூஜெரியும் தானியெல் உர்திஷும் சிபி750-இல்தான் வென்றார்கள். 1972-இலும் 1973-இலும் அதே பந்தயத்தை வென்ற ஜப்போட்டோ என்ற பிரெஞ்சு அணியின் வண்டி இதே எஞ்சினைப் பெரிதாக்கிக் கட்டியது. ஆனால் 1970 மார்ச்சில் ஹோண்டாவைக் கோட்டைக் கடக்க வைத்தது, இறக்கிய ஆயிலைக் கொட்டுவதற்குமுன் உற்றுப் பார்த்த குழு. ஹோண்டா பிறகு அந்தப் பந்தய வண்டியின் பாகங்களைத் தொகுப்பாகவே விற்றது. இன்று அவற்றின் அசல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் என் கைக்கு எட்டாது.

எனக்கு இனி டேங்க் வேலை. அலுமினியத் தகடு 2 மி.மீ. போதுமா, 2.5 வேண்டுமா என்று அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவர் 2.5 என்கிறார், வளைப்பது நான்தான் என்பதால் 2 என்கிறேன். வெல்டிங்கில் ஓட்டை விழுந்தால் 2.5-க்கு மாறிவிடுவேன். மெகாஃபோன்களுக்கான குழாய் வந்து சேர்ந்துவிட்டது.